மலை ஒன்று, சபை எத்தனை?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் எவ்வளவு தூரம்?

பஸ்சில் ஏறி, டிக்கெட் வாங்கி, மிச்சச் சில்லறையை எண்ணிப் பைக்குள் போடுவதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள் கோவில், பால்கோவா. ராஜபாளையம் என்றால் பஞ்சாலை, வேட்டை நாய், மாம்பழம். ஒரு ஊர்க்காரர் மற்ற ஊர்க்காரரைக் கேலி செய்வது உண்டு. பெண் கொடுப்பதும் எடுப்பதும் உண்டு.

இரண்டு ஊரும் ஒரே மலையின் அடிவாரத்தில் இருக்கின்றன. அந்த மலையில் பெய்யும் மழையை நம்பித்தான் இரண்டு ஊரும் வாழ்கின்றன. ஆனால் அந்தத் தண்ணீரைப் பற்றிக் கூடிப் பேச, இரண்டு ஊருக்கும் பொதுவாக ஒரு சபை கிடையாது.

ஏன் கிடையாது? இதுதான் என் கேள்வி.

மழைத்துளி போகும் வழி

நாம் இருப்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குப் பக்கம். ஆனி, ஆடி மாதங்களில் அரபிக் கடலில் இருந்து வரும் மேகம், தன் மழையை எல்லாம் கேரளத்தில் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் வரும்போது காற்றும் கொஞ்சம் சாரலும்தான் மிச்சம். நமக்குப் பெரிய மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். அந்த இரண்டு மாத மழையை வைத்து வருஷம் முழுவதும் குடும்பம் நடத்த வேண்டும்.

அந்த மழையில் ஒரு துளியை எடுத்துக்கொள்வோம்.

அது முதலில் மலை உச்சியில் விழுகிறது. அந்த இடம் வனத்துறைக்குச் சொந்தம். 1988-ல் அந்தக் காடு சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆயிற்று. 2021-ல் மேகமலையோடு சேர்த்து அதைப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள்.

துளி கீழே இறங்குகிறது. ராஜபாளையம் பக்கம் இறங்கினால் அய்யனார் கோவில் ஆறு, முடங்கியாறு. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இறங்கினால் செண்பகத்தோப்புப் பேயனாறு.

முடங்கியாற்றுப் பக்கம் "ஆறாவது மைல்" நீர்த்தேக்கம் இருக்கிறது. ராஜபாளையத்துக்குக் குடிதண்ணீர் தருவது அது. அங்கே துளி நகரசபையின் கைக்கு வருகிறது.

அதில் அகப்படாத துளி கண்மாய்க்குப் போகிறது. இங்கேதான் வேடிக்கை! 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய் என்றால், அது சர்க்காரின் நீர்வளத்துறைக்கு. அதற்குக் குறைந்த கண்மாய் என்றால், அது பஞ்சாயத்து யூனியனுக்கு. மேல் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். மேல் கண்மாய்க்கு ஒரு ஆபீஸ். கீழ்க் கண்மாய்க்கு வேறு ஆபீஸ்.

அங்கே இருந்து துளி ஊருக்குள் நுழைந்தால் மறுபடியும் நகரசபை வாய்க்கால். ஊரைத் தாண்டினால் ஏதோ ஒரு கிராமப் பஞ்சாயத்து. அப்புறம் சாத்தூர் வழியே வைப்பாறு. கடைசியில் மன்னார் வளைகுடாக் கடல்.

ஒரு துளி தண்ணீர் கடலுக்குப் போவதற்குள் எத்தனை ஆபீஸ் படி ஏறி இறங்குகிறது, பாருங்கள்!

கண்மாய்க்குள் வண்டல் சேர்ந்து மேடாகிவிட்டால் யாரிடம் சொல்வது? வரத்துக் கால்வாயைச் சீமைக் கருவேல மரம் அடைத்துக்கொண்டால் யார் வெட்டுவது? மேட்டில் இருக்கும் ஊர் விடும் சாக்கடை, பள்ளத்தில் இருக்கும் கண்மாய்க்குப் போனால் யார் தடுப்பது? ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவார். அவர் மூன்றாவது ஆளைக் காட்டுவார். கண்மாய் அப்படியே கிடக்கும். கண்மாயில் தண்ணீர் நிற்காவிட்டால் பக்கத்துத் தெருவின் கிணறும் ஆழ்குழாயும் வற்றும். அது பட்டணவாசிக்கு மெதுவாகத்தான் தெரியும். தெரியும்போது கோடைகாலம் வந்திருக்கும்.

குழாயில் ஒற்றுமை

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தாமிரபரணித் தண்ணீர், திருநெல்வேலிச் சீமையில் இருந்து குழாய் வழியாக இரண்டு ஊருக்கும் வருகிறது. பல ஊர்கள் சேர்ந்து தண்ணீர் எடுக்கும் ஏற்பாட்டுக்குக் "கூட்டுக் குடிநீர்த் திட்டம்" என்று பெயர். இதைக் கவனிக்க 1971-ல் குடிநீர் வடிகால் வாரியம் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள்.

பக்கத்து ஜில்லா ஆற்றில் இருந்து தண்ணீர் கொண்டுவரக் கூட்டுச் சேர முடிகிறது. நம் வீட்டு முற்றத்து மலைத் தண்ணீரைக் காப்பாற்ற மட்டும் கூட்டுச் சேர முடியாதா?

ஜில்லாவின் பெயர்கூட இங்கே பல தடவை மாறியிருக்கிறது. முதலில் இந்தப் பகுதி திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 1910-ல் ராமநாதபுரம் ஜில்லாவில் சேர்த்தார்கள். 1985-ல் அதைப் பிரித்துக் காமராஜர் மாவட்டம் என்றார்கள். இன்று விருதுநகர் மாவட்டம் என்கிறோம். காகிதத்தில் கோடு மாறுகிறது. முடங்கியாறு பழைய வழியில்தான் ஓடுகிறது.

யாரைத் தேர்ந்தெடுக்கிறோம்?

2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி ராஜபாளையம் நகரசபைக்குள் 1,30,442 பேர். ஸ்ரீவில்லிபுத்தூர் நகரசபைக்குள் 75,396 பேர். முதல் ஊருக்கு 42 வார்டு. இரண்டாவது ஊருக்கு 33 வார்டு. அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் ராஜபாளையத்தில் ஒரு கவுன்சிலருக்குச் சுமார் 3,100 பேர். ஸ்ரீவில்லிபுத்தூரில் சுமார் 2,300 பேர். எம்.எல்.ஏ.வைப் பார்ப்பதைவிடக் கவுன்சிலரைப் பார்ப்பது சுலபம். தெருமுனையிலேயே பிடித்துவிடலாம்.

ஆனால் அந்தக் கவுன்சிலரே இல்லாமல் இருந்த காலமும் உண்டு! 2011-ல் தேர்ந்தெடுத்த நகரசபைகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். இடையில் ஐந்து வருஷத்துக்கு மேல், தமிழ்நாடு முழுவதும் தனி அதிகாரிகள் கையில் நகரசபைகள் இருந்தன.

கிராமத்துக் கதை வேறு. இந்த ஜில்லாவில் பஞ்சாயத்துத் தேர்தல் 2019 டிசம்பரில் நடந்தது. அவர்கள் காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. அங்கே தனி அதிகாரிகள் வந்தார்கள்.

நன்றாகக் கவனியுங்கள். கிராமத்தில் தலைவர் பதவிக்கு வந்த சமயத்தில் பட்டணத்தில் கவுன்சிலர் இல்லை. பட்டணத்தில் கவுன்சிலர் இருக்கும்போதே கிராமத்துத் தலைவரின் காலம் முடிந்துவிட்டது. இரண்டு பேரும் தொடர்ந்து எதிர் எதிரே உட்கார்ந்து பேசுவது எப்படி?

2022 தேர்தலில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஒதுக்கினார்கள். தண்ணீருக்காகக் குழாயடியில் நிற்பவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகையால் கூட்டத்தில் அவர்களே எழுந்து பேசட்டும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வீட்டுக்காரர் பேச வேண்டாம்.

லித்துவேனியாவில் என்ன செய்கிறார்கள்?

ஐரோப்பாவில், பால்டிக் கடல் ஓரத்தில் லித்துவேனியா என்று ஒரு நாடு இருக்கிறது. நாடு முழுவதும் சேர்த்துச் சுமார் 28 லட்சம் பேர். நம் விருதுநகர் ஜில்லாவிலேயே 2011-ல் 19 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள் என்றால், அது எவ்வளவு சின்ன நாடு என்று புரியும்.

அங்கே மலையே இல்லை என்று சொல்லலாம். அந்த நாட்டின் மிக உயரமான மேடு 294 மீட்டர். நம் செண்பகத்தோப்பு மலைக்கு அது பேரப்பிள்ளை!

அந்த நாட்டை 60 சபைகளாகப் பிரித்திருக்கிறார்கள். வில்னியஸ் போன்ற சில பெரிய நகரங்களுக்குத் தனிச் சபை உண்டு. மற்றப்படி பெரும்பாலான இடங்களில் ஒரு நகரமும், அதைச் சுற்றியுள்ள கிராமங்களும், காடும், ஏரியும் ஒரே சபையில் அடக்கம். நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல். 2015-ல் இருந்து மேயரையும் மக்களே நேராக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

துருஸ்கினின்கை என்று அங்கே ஒரு ஊர். நேமுனஸ் ஆற்றங்கரை ஊர். உப்பு ஊற்றில் குளித்தால் உடம்புக்கு நல்லது என்று ஜனங்கள் தேடி வருவார்கள். "துருஸ்கா" என்றால் அவர்கள் பாஷையில் உப்பு. ஊரும் பக்கத்துக் கிராமங்களும் சேர்ந்தே சுமார் 20,000 பேர்தான். அத்தனை பேருக்கும் ஒரே சபை. ஊரில் இருந்து விடும் கழிவு கிராமத்தைக் கெடுத்தால், கிராமத்துக்காரர் அதே சபையில் கேட்கலாம்.

அதைப் பார்த்து, "ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சுற்றுக் கிராமம் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடு" என்று நான் சொல்லவில்லை.

சொன்னால் கிராமத்தார் சண்டைக்கு வருவார்கள். அது நியாயமும்கூட. பட்டணத்தோடு சேர்ந்தால் வீட்டு வரி ஏறும். கிராமத்துக்கு என்று உள்ள வேலைத் திட்டம் கைவிட்டுப் போகும். கிராமசபைக்குப் போய்த் தலைவரை நேருக்கு நேர் கேட்பது போய்விடும். வரி மட்டும் முதலில் வரும். விளக்கும் சாக்கடையும் பின்னால் வரும் என்ற பயம் வீண் பயம் அல்ல.

சபைகள் தனித்தனியாகவே இருக்கட்டும். தண்ணீருக்கு மட்டும் ஒன்றாக உட்காரட்டும். இரண்டு நகரசபை, இரண்டு பஞ்சாயத்து யூனியன், மம்சாபுரம், செட்டியார்பட்டி, சேத்தூர் போன்ற டவுன் பஞ்சாயத்துகள். கூடவே வனத்துறையிலும் நீர்வளத்துறையிலும் இருந்து ஒவ்வொரு அதிகாரி. வருஷத்துக்கு இரண்டே கூட்டம் போதும். ஒன்று மழைக்கு முன். ஒன்று மழைக்குப் பின்.

சட்டம் இடம் தருமா?

தரும். நகரசபைகளுக்காக அரசியல் சட்டத்தில் 1992-ல் செய்த 74-வது திருத்தம், 1993 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்தது. ஒவ்வொரு ஜில்லாவிலும் ஒரு மாவட்டத் திட்டக்குழு இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நகரசபைகளும் பஞ்சாயத்துகளும் போடும் திட்டங்களைச் சேர்த்து ஒரே திட்டமாக்குவது அந்தக் குழுவின் வேலை. பட்டணமும் கிராமமும் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்வதையும் அது கவனிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. குழுவில் ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர்கள், மக்கள் ஓட்டு வாங்கி வந்தவர்களாக இருக்க வேண்டும்.

புதுச் சட்டம் வேண்டாம். அந்தக் குழுவின் கீழ் இந்த மலையடிவாரத்துக்கு ஒரு சிறு குழு அமைத்தால் போதும். உத்தரவு போடப் பணம் செலவாகாது.

வாசகர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. நவம்பர் 1-ந் தேதி உள்ளாட்சி தினம். கிராமத்துக்குக் கிராமசபை போல, பட்டணத்து வார்டுகளுக்குப் பகுதிசபைக் கூட்டத்தை 2022-ல் அந்தத் தேதியில்தான் தொடங்கினார்கள். அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். போகும்போது, உங்கள் வார்டு வாய்க்கால் எந்தக் கண்மாயில் போய் விழுகிறது, அந்தக் கண்மாய் யாருடைய பொறுப்பு என்று கேட்டு வாருங்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகலாம். பதிலை அதுவே எழுதிக்கொள்ளும்.

கூட்டுக் குழுவின் முதல் கூட்டத்தை எந்த ஊரில் வைப்பது என்று சண்டை வரும். நம் ஊர் வழக்கம் அது! ராஜபாளையமும் வேண்டாம், ஸ்ரீவில்லிபுத்தூரும் வேண்டாம். நடுவில் மலை ஓரமாக மம்சாபுரம் இருக்கிறது. இரண்டு பக்கம் இருந்தும் டவுன் பஸ் போகிறது.