பார்க்கவும் கேட்கவும் முடியாத குழந்தை 'அ' படிப்பது எப்படி?

கரும்பலகையில் எழுதினால் தெரியாது. சத்தமா சொன்னாலும் கேட்காது. பார்வையும் செவித்திறனும் சேர்ந்து பாதிக்கப்பட்ட குழந்தைக்கு 'அ'னா எப்படிச் சொல்லிக்கொடுப்பீங்க?

எழுத்துக்கு முன்னாடி பொருள்

தினமும் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரே ஸ்பூனைக் கையில் கொடுப்பாங்க. ஸ்பூன் வந்தா சாப்பாடு வரும்னு ஒரு நாள் குழந்தைக்குப் பிடிபடும். ஒன்று இன்னொன்றைக் குறிக்கும் என்ற இந்தப் புரிதல்தான் வாசிப்பின் முதல் படி. அடுத்து, கைக்குள் கை வைத்துச் சைகை. பிறகு அதே ஸ்பூனில் பிரெயில் பெயர்ச்சீட்டு.

1837-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் 7 வயது லாரா பிரிட்ஜ்மனுக்கு, ஸ்பூன், சாவி மாதிரியான பொருள்களில் புடைப்பெழுத்துச் சீட்டு ஒட்டித்தான் பாடம் தொடங்கினார் சாமுவேல் ஹோவ். 50 வருஷம் கழித்து, 6 வயது ஹெலன் கெல்லரின் உள்ளங்கையில் விரலால் எழுத்துக்கூட்டிக் காட்டினார் ஆன் சல்லிவன்.

எழுதுவது எப்படி?

பிரெயிலில் ஒரு கட்டத்துக்கு 6 புள்ளிகள். முதல் புள்ளி மட்டும் இருந்தால் 'அ'. 1, 3 சேர்ந்தால் 'க'. பிரெயிலர் மெஷினில் புள்ளிக்கு ஒரு சாவி. ஆசிரியரின் விரல் மேல் விரல் வைத்துப் பழகி, பிறகு குழந்தை தானே அழுத்தும்.

பாரதி பிரெயிலில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி நாலுக்கும் 'க' ஒரே வடிவம்தான். நாலு மொழியும் புழங்குற ஓசூருக்கு இது பெரிய வசதி.

சிக்கல் எங்கே?

இந்தப் பாடத்துக்கு ஒரு குழந்தைக்கு ஒரு ஆசிரியர், தினமும் வேணும். கேட்க, பார்க்க முடியாத குழந்தைகளுக்குப் பொருத்தமான மொழியிலும் முறையிலும் கல்வி தரணும்னு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லுது. பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் சென்னை அருகே முட்டுக்காட்டில் இருக்கு. ஓசூரிலிருந்து 300 கி.மீ.க்கு மேல். ஷிப்ட் வேலை பார்க்கும் அப்பா அம்மா அங்கே எத்தனை முறை போக முடியும்?

அதனால் ஆசிரியர்தான் குழந்தையிடம் வரணும். கிருஷ்ணகிரி மாவட்டச் சிறப்பாசிரியர்களில் சிலருக்காவது இதற்கெனத் தனிப் பயிற்சி தர வேண்டியது அரசின் வேலை. ஓசூர் கம்பெனிகளும் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு ஆசிரியரின் சம்பளத்தையும் ஒரு பிரெயிலரையும் ஏற்கலாம். ஸ்பூனைப் புரிந்துகொண்ட குழந்தை அடுத்த படிக்குப் போக, பக்கத்தில் ஒரு ஆள் வேணும்.