கடிதத்தை யார் எழுதுவது?



போன மாதம் கிண்ணியாவில் ஒரு மாதர் சங்கக் கூட்டம். வீதி விளக்குக் கேட்டு நகர சபைக்குக் கடிதம் எழுத வேண்டும். வழக்கம்போல் நான் பேனையை எடுத்தேன். "மிஸ், இந்த முறை நாங்களே எழுதுறோம்" என்றார், யுத்தத்தில் தந்தையை இழந்த ஒரு தங்கை. எனக்குச் சுருக்கென்றது. ஐந்து வருடங்களாக இவர்களுக்காக நானே பேசி வந்திருக்கிறேன். அதனால் இவர்கள் பேச வேண்டிய இடத்தையும் நானே பிடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று அவர்களுக்கு ஜன்சிலா மஜீதைப் பற்றிச் சொன்னேன். 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் அவரும் ஒருவர். புத்தளத்தில் இடம்பெயர்ந்து வாழ்ந்தபடியே தமிழ், முஸ்லிம் பெண்களுக்காக உழைத்தார். 2010 இல் அமெரிக்க அரசு தைரியமிக்க பெண்களுக்கு வழங்கும் சர்வதேச விருதைப் பெற்றார். அகதி வாழ்வின் கஷ்டத்தை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

2016 இல் திருத்தப்பட்ட சட்டம் உள்ளூராட்சி சபைகளில் 25 சதவீத இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கியது. 2018 தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது. ஆசனத்தைச் சட்டம் தரும். எழுந்து பேசும் பழக்கத்தை நமது சங்கங்களில்தான் பெற வேண்டும்.

எனவே, கூட்டத் தலைமையை மாதாமாதம் மாற்றுங்கள். கணவரை இழந்தவர், மாற்றுத்திறனாளி, எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார் எல்லோருக்கும் அந்த முறை வரட்டும். சங்கத்தின் வங்கிப் புத்தகத்தை எல்லோரும் பார்க்கட்டும்.

அந்தத் தங்கை கடிதத்துடன் நகர சபைக்குள் போனார். நான் வாசலில் நின்றுகொண்டேன். விளக்கு வரும்வரை இனி அவரே போய்க் கேட்பார்.