நமக்கு வேண்டிய நாடகம் எது?

நாடகம் என்பது ஓர் இரவைக் கழிப்பதற்கென ஏற்பட்ட சாதனமே என்று எண்ணுவோர் நம்மவருள் இன்னும் பலர் இருக்கின்றனர். அன்னோர் நமக்குப் பகைவர் அல்லர். ஒரே லயத்தில் நம்மோடு வாழ்பவர்கள். ஒரே கோயிலுக்கு நம்மோடு வரி கொடுப்பவர்கள். ஆயினும் அவர்களுடைய எண்ணத்தால் விளையும் கேடு பெரிதாகையால், அதனைக் கண்டித்தெழுதுவது நமது கடமையாகின்றது.

நாம் ஒரு செம்பனைத் தோட்டத்துக் காரியாலயத்தில் கணக்கெழுதிப் பிழைக்கின்றோம். சென்ற ஆண்டு மாரியம்மன் திருவிழாவை முன்னிட்டுக் கூடிய கூட்டத்தில், மூன்றாம் நாள் இரவுக்கு ஒரு சமூக நாடகம் நடத்தலாமென்று யோசனை கூறினோம். உடனே ஓர் அன்பர் எழுந்து, "நாள் முழுதும் குலை வெட்டிக் களைத்து வருகிறவனுக்கு மேடையிலும் அவன் கஷ்டத்தையா காட்டுவது? பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடட்டும், சிரிக்கும்படி ஒருவர் பேசட்டும், அது போதும் கிராணியாரே" என்றார். பலத்த கைதட்டல் எழுந்தது. நமது யோசனை தோற்றது.

அந்த மூன்றாம் நாள் இரவும் வந்தது. சிரிக்க வைப்பதற்கென மேடையேறியவர், குடிகாரக் கணவனிடம் அடிபட்டு ஓலமிடும் மனைவியைப் போல நடித்துக் காட்டினார். கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. அதே வாரத்தில், சம்சு குடித்து வந்த கணவனால் மெய்யாகவே அடிபட்டுக் காரியாலயத்து வாசலில் வந்து நின்று முறையிட்ட ஒரு பெண்ணும் அக்கூட்டத்தில் அமர்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

அன்பர்களே, இதைச் சற்றே சிந்தியுங்கள். மேடையில் நமது கஷ்டத்தைக் காட்டலாகாது என்று வாதாடியவர்கள், அன்றிரவு காட்டியது யாருடைய கஷ்டத்தை? நமது துன்பம் மேடையில் என்றும் இருந்தே வருகின்றது. அடித்தவன் பக்கம் நின்று அதைக் காட்டினால் அது வேடிக்கை என்று பெயர் பெறுகின்றது, அடிபட்டவள் பக்கம் நின்று காட்டினால் மட்டும் "களைத்தவனுக்கு எதற்கு?" என்ற கேள்வி பிறக்கின்றது. ஆகவே, மேடை யார் பக்கம் நிற்பது என்பதே நாம் எழுப்பும் வழக்கு. அடிபட்டவர் பக்கம் நிற்கும் நாடகங்கள் தமிழில் இல்லாமற் போகவில்லை. தேடுவார்தாம் இல்லை.

"புராணக் கதைகள் போதாவோ?" என்பர் சிலர். போதும் என்றே வைத்துக்கொள்வோம். நந்தன் கதையை அறியாதார் நம்முள் யார்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அதனைக் கீர்த்தனைகளாகப் பாடிய நாள் தொட்டுக் கதாகாலட்சேபத்திலும் திரைப்படத்திலும் கேட்டும் கண்டும் கண்ணீர் வடித்திருக்கின்றோம். தில்லைக்குப் போக ஆசைப்பட்ட பண்ணையாள், நெருப்பிலே மூழ்கிப் புனிதனாகிச் சோதியிற் கலந்தான் என்று நமக்குச் சொல்லப்பட்டது. இந்திரா பார்த்தசாரதி 1978-இல் எழுதிய "நந்தன் கதை" அதே கதையை எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்கின்றது: அந்த நெருப்பை மூட்டியவர் யார்? தாழ்த்தப்பட்ட ஒருவன் தலைநிமிர்வதைப் பொறாத மனிதர்கள் கூடிச் செய்த சதியே அது என்று நாடகம் காட்டுகின்றது. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், விவசாயக் கூலிகளின் குடும்பத்தார் 44 பேர் ஒரு குடிசைக்குள் தீயில் கருகி மாண்டனர். அக்கொடுமையை அடியாகக் கொண்டு "குருதிப்புனல்" என்ற நாவலை எழுதியவரும் இவரே என்பதை அறிந்தால், நந்தனைச் சுட்ட நெருப்பு பழைய நெருப்பு மட்டுமன்று என்பது விளங்கும். நமது முன்னோர் கப்பலேறி வந்தபோது சாதியையும் மூட்டை கட்டிக்கொண்டே வந்தனர். பெண் கேட்டுச் செல்லும் வீடுகளில் இன்றும் அம்மூட்டை அவிழ்வதைக் காண்கின்றோம். நந்தன் கதை நமது தோட்டத்து மேடைக்கு அந்நியமாகுமா?

அடுத்து, கோமல் சுவாமிநாதனின் "தண்ணீர் தண்ணீர்". 1980-இல் மேடையேறி, மறு ஆண்டே திரைப்படமாகவும் வந்தது. தண்ணீரில்லாத ஒரு சிற்றூர் மனுமேல் மனுவாக எழுதுகின்றது. தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதி பெறுகின்றது. ஒன்றும் நடவாதபோது தானே மண்வெட்டி எடுத்துக் கால்வாய் வெட்டத் துணிகின்றது. அப்போது சட்டம் விரைந்து வந்து தடுக்கின்றது! "நமது லயங்களில் குழாய்த் தண்ணீர் வருகின்றதே, இந்நாடகம் நமக்கெதற்கு?" என்று கேட்கலாம். தண்ணீர் வந்துவிட்டது; மனுக்களின் கதி மாறிற்றா? அம்மனுக்களை வாங்கிக் கோப்பில் செருகி வைக்கும் தொழிலை நாமே செய்து வருகின்றோம். ஆதலின் அறிந்தே பேசுகின்றோம். ஆங்கிலம் கற்ற நம்போன்றோருக்கும் இங்கே ஒரு வார்த்தை. ஊர்க் குளியல்நீர் கெட்டிருக்கின்றதென்று உண்மை சொன்ன வைத்தியரை ஊரே பகைத்த கதையை நார்வே நாட்டு இப்சன் 1882-இல் நாடகமாக்கினார். அதைப் படித்துவிட்டு மேலைநாட்டாரின் துணிவே துணிவு என்று வியக்கின்றோம். நமது தாய்மொழியில் கோமல் எழுதியதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. இது கல்வியா? வெட்கம்!

பெண்மக்களுக்காக ஒரு நாடகத்தைச் சொல்ல வேண்டும். இன்குலாப் எழுதி, அ. மங்கை நெறியாள்கை செய்த "ஔவை" அது. கோலூன்றி நீதி புகட்டும் மூதாட்டியாகவே நாம் பள்ளியில் அறிந்த ஔவையை, சங்கப் பாடல்களில் உள்ளவாறு, ஊர் ஊராகத் திரிந்து பாடிய பாணர் மரபின் இளம்பெண்ணாக, அரசனோடு சமமாய் அமர்ந்து பேசியவளாக இந்நாடகம் நிறுத்துகின்றது. மேடையில் அடிபடும் மனைவியையன்றி வேறு பெண்ணைக் காணாத நமது சிறுமியர் இவளையும் காணட்டுமே!

"பெரிய மண்டபத்துக்கும் திரைச்சீலைக்கும் பணம் எங்கே?" என்பது அடுத்த ஆட்சேபம். யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய "மண் சுமந்த மேனியர்" 1985-இல், போர் சூழ்ந்த காலத்திலே, யாழ்ப்பாணத்து ஊர்களில் நடிக்கப்பட்டது. துப்பாக்கிக்கு நடுவே அவர்களால் இயன்றது, பெரட்டுக் களமும் இரண்டு விளக்கும் உள்ள நம்மால் இயலாதோ?

இனி, வாய்விட்டுச் சொல்லாமல் மனத்தில் வைத்திருக்கும் ஆட்சேபம் ஒன்று உண்டு. மேலிடத்தார் முகம் சுளிப்பரே என்ற அச்சமே அது. அச்சம் காரணமற்றதன்று. வங்காளத்து அவுரித் தோட்டங்களில் வெள்ளைத் துரைமார் குடியானவரை வதைத்த கொடுமையைத் தீனபந்து மித்ரா 1860-இல் "நீல் தர்ப்பண்" என்ற நாடகமாக எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டமைக்காக ஜேம்ஸ் லாங் பாதிரியார் 1861-இல் சிறை சென்றார். 1876-இல் நாடகங்களை அடக்குவதற்கென்றே ஒரு சட்டம் பிறந்தது. நமது அண்டையிலும், சிங்கப்பூர் இளங்கோவனின் "தலாக்" தமிழில் மேடையேறிய பின்னர், அதனை வேறு மொழியில் நடத்த 2000-இல் அனுமதி மறுக்கப்பட்டது. வெறும் பொழுதுபோக்குக்கு யாராவது சட்டம் இயற்றுவரோ? நாடகத்தின் வலிமையை நம்மவரைவிட அதிகாரத்திலுள்ளோர் நன்கறிவர்.

மேலிடம் என்றவுடன் துரையை மட்டும் நினைத்துவிடலாகாது. கெடா மாநிலத்துப் பீடோங்கில் பிறந்து, 2020-இல் மறைந்த கே. எஸ். மணியம், 1980-களில் "தி கார்ட்" என்ற ஆங்கில நாடகத்தை நமது தோட்டத்து வாழ்வைக்கொண்டே எழுதினார். அதில் அதிகாரச் செருக்கேறிய ஒரு கிராணி வருகின்றார். அதைப் படித்த இரவில் நமக்குத் தூக்கம் வரவில்லை. "இது நம் தோட்டத்தில் வேண்டாம்" என்று நமது மனமே முதலில் சொல்லிற்று. திருவிழாக் கூட்டத்தில் எழுந்து பேசிய அன்பருக்கும் நமக்கும் அவ்வேளையில் என்ன வேறுபாடு? தன்னைச் சுடாத நாடகத்தை மட்டும் சீர்திருத்த நாடகமென்று பாராட்டுகிறவன் சீர்திருத்தக்காரன் ஆகான். ஆகவே சொல்கின்றோம்: அந்நாடகம் தமிழில் நமது தோட்டங்களில் நடிக்கப்படவேண்டும், கிராணிமார் முன்வரிசையில் அமர்ந்து பார்க்கவேண்டும்.

பிறர் எழுதியதை நடிப்பதோடு நமது வேலை முடியாது. தோட்டம் துண்டாடி விற்கப்பட, பிறந்த லயத்தைவிட்டு வெளியேறிய குடும்பம். இந்நாட்டிலேயே பிறந்தும் முதுமைவரை சிவப்பு அடையாள அட்டையோடு அலைந்த பாட்டி. 1942-க்குப் பின் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத தாத்தா. இவர்களெல்லாம் நமது மேடைக்கு வெளியே இன்னும் காத்து நிற்கின்றனர். நகரத்தில் படித்த இளைஞர்கள் எழுதட்டும்; தோட்டத்து இளைஞர்கள் நடிக்கட்டும். முதலில் பத்துப் பேர் கூடி ஒரு நாடகத்தை உரக்கப் படித்தாலும் போதும்.

இவ்வாண்டும் திருவிழாக் கூட்டம் கூடும். நாம் மறுபடியும் எழுந்து அதே யோசனையைக் கூறுவோம். ஒருவேளை மறுபடியும் தோற்போம். ஆனால் இம்முறை, "களைத்தவன் சிரிக்க வேண்டாமா?" என்று யாரேனும் கேட்டால், சென்ற ஆண்டு சிரிக்காமல் அமர்ந்திருந்த அப்பெண்ணை நினைத்துக்கொண்டு, "ஐயா, அவளும் களைத்தவள்தானே?" என்று கேட்கப் போகின்றோம். இதைப் படிக்கும் அன்பர்கள் தத்தம் ஊர்க் கூட்டங்களிலும் அவ்வாறே எழுந்து கேட்பாராக!