பாதி முழுக்கு

கங்கையோ காவிரியோ, தலை நனையாமல் போட்ட முழுக்கு முழுக்கே இல்லை என்பது நம் பாட்டிமார் தீர்ப்பு. படகின் புரொப்பெல்லருக்கும் அதே சட்டம்தான் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். தண்ணீரைப் பின்னால் தள்ளுவதுதானே அதன் வேலை? முழுசாக முங்கியிருந்தால்தானே முழுசாகத் தள்ளும்?

அதுதான் இல்லை. அமெரிக்காவில் ஃப்ளோரிடா கடலோரத்திலும், மிசூரி மாநிலத்து ஓசார்க்ஸ் ஏரியிலும் மணிக்கு நூறு மைலுக்கு மேல் சீறுகிற படகுகள் உண்டு. அவற்றில் பலவற்றின் பின்பக்கத்தைப் பார்த்தால் புரொப்பெல்லர் பாதி தண்ணீரில், பாதி காற்றில். (பார்ப்பது கொஞ்சம் கஷ்டம். பின்னாலேயே பனைமர உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சியடிக்கும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'சேவல் வால்'.) அந்தப் புரொப்பெல்லர் இன்னும் அரை அங்குலம் மேலே இருக்கலாமா, கால் அங்குலம் கீழே இறங்கணுமா என்று வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளும் ஒரு கூட்டமே அங்கே இருக்கிறது. இந்தச் சமாசாரம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனதற்குக் காரணம் நான் படித்த பி.காம். அது எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

ஏன் தூக்க வேண்டும்?

இந்தப் படகுகளில் எஞ்சின் உள்ளே உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து பின்பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, கீழே இறங்கி, மறுபடி பின்னால் திரும்பும் ஒரு கால். அதுதான் 'டிரைவ்'. அதன் பாதத்தில் கியர்களை அடக்கிய ஒரு உருண்டைக் கூடு, கூட்டின் முனையில் புரொப்பெல்லர். நிதானமாகப் போகும்போது இந்தக் கூடு ஒரு தொந்தரவும் பண்ணாது. ஆனால் தண்ணீரின் இழுவை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நாலு மடங்கு. நூறு மைலில் அந்தக் கூட்டைத் தண்ணீருக்குள் இழுத்துப் போவது, ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஏரிக்குள் அண்டாவைக் கட்டி இழுப்பது மாதிரி. தண்ணீர் காற்றைவிட சுமார் 800 மடங்கு அடர்த்தி. கூட்டைத் தூக்கிக் காற்றில் வைத்துவிட்டால் அவ்வளவு மிச்சம்!

மாடி வீட்டு மாமாவிடம் இதைச் சொன்னேன். "அப்படின்னா முழுசா வெளியே எடுத்துட்டா இன்னும் வேகமாப் போகுமோ?"

"போகும் மாமா. எஞ்சின் மட்டும்."

இன்னொரு காரணமும் உண்டு. புரொப்பெல்லரை வேகமாகச் சுழற்றினால் அலகின் ஒரு பக்கத்தில் அழுத்தம் படுவேகமாகக் குறையும். ஊட்டியில் சீக்கிரம் வெந்நீர் கொதிப்பது எதனால்? அங்கே காற்றழுத்தம் குறைச்சல். இங்கே அழுத்தம் இன்னும் பாதாளத்துக்கு இறங்கி, அடுப்பே இல்லாமல் பச்சைத்தண்ணீர் கொதித்துவிடும்! கொப்புளம் கொப்புளமாக நீராவி. அந்தக் கொப்புளங்கள் உடையும்போது உலோகத்தையே அரித்துத் தின்னும். இங்கிலாந்தில் சார்லஸ் பார்சன்ஸ் தன்னுடைய 'டர்பினியா' கப்பலை 1894-ல் தண்ணீரில் இறக்கியபோது இந்தத் தொல்லையில்தான் மாட்டினார். டர்பைன் பிரமாதம், கப்பல்தான் எதிர்பார்த்த வேகத்துக்கு வரவில்லை. தொட்டியில் குட்டிப் புரொப்பெல்லரைச் சுழலவிட்டுப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்து, ஒரு தண்டு இருந்த இடத்தில் மூன்று தண்டு, தண்டுக்கு மூன்றாக ஒன்பது புரொப்பெல்லர் போட்டார். 1897-ல் விக்டோரியா ராணியின் வைர விழாவுக்காக அணிவகுத்திருந்த கடற்படைக்கு நடுவே புகுந்து ஓடிக் காட்டினார். துரத்திய படகுகளால் பிடிக்க முடியவில்லை.

பாதி முழுக்குப் புரொப்பெல்லரில் இந்தக் கொப்புளத் தகராறே கிடையாது. ஒவ்வொரு அலகும் மேலே போய் ஒரு வாய் காற்றைப் பிடித்துக்கொண்டுதான் தண்ணீருக்குள் இறங்குகிறது. வெற்றிடம் வர வேண்டிய இடத்தில் காற்று. கனடாவில் பிறந்த ஆல்பர்ட் ஹிக்மன் என்பவர் முதல் உலகப்போர்க் காலத்திலேயே தன்னுடைய படகுகளுக்கு இதைச் செய்துவிட்டார். நிபுணர்கள் ரொம்ப நாள் கண்டுகொள்ளவில்லை. (கண்டுகொண்டால் அப்புறம் அவர் நிபுணரா?)

கண்டுகொள்ளவைத்தது சியாட்டிலில் பிறந்த ஒரு படகு. பெயர் 'ஸ்லோ-மோ-ஷன் 4'. சொந்தக்காரர் கார் வியாபாரி ஸ்டான்லி சேயர்ஸ், வரைந்தவர் டெட் ஜோன்ஸ், கட்டியவர் ஆங்கர் ஜென்சன். எஞ்சின், போர் விமானத்தில் இருந்த ஆலிசன். ஓடும்போது இந்தப் படகு தண்ணீரைத் தொடும் இடங்கள் மூன்றே மூன்று: முன்னால் இரண்டு பக்கப் பாதங்களின் நுனி, பின்னால் புரொப்பெல்லரின் கீழ்ப்பாதி. மற்றதெல்லாம் காற்றில். 1950 ஜூன் 26-ம் தேதி வாஷிங்டன் ஏரியில் மணிக்கு 160.323 மைல்! அதற்கு முந்தைய சாதனை 1939-ல் மால்கம் கேம்ப்பெல் வைத்த 141.74. பதினோரு வருஷம் அசையாமல் கிடந்ததை 'ஸ்லோ மோஷன்' ஒரே காலையில் பத்தொன்பது மைல் நகர்த்திவிட்டது. அதே வருஷம் டெட்ராய்ட்டுக்குப் போய் கோல்ட் கப்பையும் தூக்கிக்கொண்டு வந்தது. படகு வேகத்துக்குத் தாங்கள்தான் தலைநகரம் என்றிருந்த டெட்ராய்ட்காரர்களுக்கு அன்று சாப்பாடு இறங்கியிருக்காது.

சரி, பி.காமுக்கு வருவோம்.

புரொப்பெல்லரில் 'பிட்ச்' என்று ஓர் அளவு. மரத்தில் ஸ்குரூவை ஒரு சுற்று முடுக்கினால் எவ்வளவு உள்ளே போகிறதோ, அதுதான். 28 அங்குல பிட்ச் என்றால் ஒரு சுற்றுக்குப் படகு 28 அங்குலம் முன்னேற வேண்டும். எஞ்சின் நிமிஷத்துக்கு 5000 சுற்று. கியர் ஒன்றரைக்கு ஒன்று என்பதால் புரொப்பெல்லருக்கு 3333. பெருக்கிப் பார்த்தால் மணிக்கு 142 கிலோமீட்டர். இது பட்ஜெட். ஜி.பி.எஸ். கருவி காட்டுவது 125. இது நிஜம். மிச்சம் 17 எங்கே போச்சு?

தண்ணீர் மரமில்லையே, வழுக்கும். இதற்குப் பெயர் 'ஸ்லிப்'. நம் கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டு. இதை நஷ்டம் என்று எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் தண்ணீரைப் பின்னால் தள்ளினால்தான் படகு முன்னால் போகும். அப்படித் தள்ளிய தண்ணீரின் கணக்குதான் பெரும்பாலும் இந்த ஸ்லிப். ஸ்லிப்பே இல்லையென்றால் தள்ளுவதும் இல்லை. ஆக, இது நஷ்டமல்ல, செலவு. கடை வாடகை மாதிரி.

டிரைவைக் கொஞ்சம் தூக்குங்கள். இழுவை குறையும், எஞ்சின் சுற்று ஏறும். ஸ்லிப்பும் கொஞ்சம் ஏறும். ஏறினாலும் வேகம் கூடும், லாபம்தான். இன்னும் தூக்குங்கள். இன்னும் லாபம். ஓர் இடத்துக்கு அப்புறம் சுற்றும் ஸ்லிப்பும் மட்டும் ஏறும், வேகம் நகராது. அந்த இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தத் தெரிந்தவன்தான் கெட்டிக்காரன். சுற்று ரொம்ப ஏறிவிட்டதா? பிட்ச் அதிகமான புரொப்பெல்லர் போட வேண்டும். ஓர் அங்குல பிட்ச் கூடினால் எஞ்சினில் 150-லிருந்து 200 சுற்று இறங்கும். மூன்று அலகு போதாது. பாதி நேரம் காற்றில் இருக்கிறவைதானே? நாலு, ஐந்து, ஆறு என்று கூட்டுவார்கள். அலகின் வடிவமும் மாறும்: முன் விளிம்பு கத்தி, பின் விளிம்பு தடிமன். கறி வெட்டும் கத்தியின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு சங்கடம். பின்பலகையில் மாட்டும் அவுட்போர்ட் எஞ்சினாக இருந்தால் ஜாக்கி மாதிரி ஒரு பிளேட் வைத்து, பட்டனை அமுக்கி ஏற்றலாம், இறக்கலாம். உள்ளே எஞ்சின் வைத்த படகில் டிரைவின் உயரம் கட்டும்போதே முடிவாகிவிடும். மாற்ற வேண்டுமானால் பின்பலகையில் வேறு ஓட்டை போட்டு எஞ்சினையே மேலே ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் காலைக் குட்டையாக்க வேண்டும். வாசலை மாற்ற வீட்டை இடிக்கிற கதை. நம் ஊர்க் கடற்கரையில் ஃபைபர் படகுகளில் நீளத் தண்டு எஞ்சின் பார்த்திருப்பீர்கள். கைப்பிடியை அமுக்கினால் தண்டு மேலே, தூக்கினால் கீழே. நூறு மைல் வேகம் வராதுதான். ஆனால் ஆழத்தை மாற்றப் பின்பலகையை அறுக்க வேண்டியதில்லை.

உயரத்துக்கு வேறு விலைகளும் உண்டு. எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீரை அந்தக் கால்தான் பக்கவாட்டு ஓட்டைகள் வழியே உறிஞ்சுகிறது. காலைத் தூக்கினால் ஓட்டையும் மேலே வந்து காற்றைக் குடிக்கும். எஞ்சின் காய்ந்து போகும். அதனால் ஓட்டையைக் கூட்டின் மூக்கு நுனிக்கு மாற்றுவார்கள். கீழ்ப்பாதி அலகுகள் மட்டும் தண்ணீரைப் பக்கவாட்டில் தள்ளுவதால் படகின் பின்புறம் நண்டு மாதிரி ஒரு பக்கமாக நடக்கும். இரட்டை எஞ்சினில் ஒன்றை இடஞ்சுழி, ஒன்றை வலஞ்சுழி ஆக்கிச் சமாளிப்பார்கள். திருப்பத்தில் பிடிப்புக் குறையும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விலை ஒன்று. தண்ணீரைத் தொடாத படகு, இறக்கை மாதிரி. மூக்கு ஒரு கணம் அதிகமாகத் தூக்கினால் அடியில் காற்று புகுந்து தூக்கிவிடும். 1955-ல் சியாட்டிலில் கோல்ட் கப் தகுதிச் சுற்று. 'ஸ்லோ-மோ-ஷன் 5'-ஐ ஓட்டியவர் லூ ஃபேஜியோல், அந்தக் கப்பை ஏற்கெனவே ஜெயித்தவர். படகு அப்படியே எழும்பி, அந்தரத்தில் ஒரு முழு பின்குட்டிக்கரணம் போட்டு, சரியாக நிமிர்ந்தே தண்ணீரில் உட்கார்ந்தது. உள்ளே ஆள் இல்லை. தூக்கியெறியப்பட்ட ஃபேஜியோல் பலத்த காயத்தோடு பிழைத்தார். அத்தோடு பந்தயம் ஓட்டுவதை விட்டார்.

ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சின் தானாக நிற்க, அவரோடு பிணைத்த ஒரு கயிறு போதும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த, அந்த வசதி உள்ள படகுகளை வேகமாக ஓட்டும்போது அதை மாட்டிக்கொள்வது 2021 ஏப்ரல் 1 முதல்தான் சட்டமாயிற்று. ஐம்பது, அறுபது வருஷ அனுபவத்துக்கு அப்புறம்!

மாமா கடைசியாக ஒன்று கேட்டார். "இவ்வளவு பார்த்துப் பார்த்துத் தூக்கினா, எவ்வளவு மிச்சமாகும்?"

"சில சமயம் ரெண்டு மைல், மூணு மைல் கிடைக்கும் மாமா."

"அதுக்கு?"

"அதுக்குத்தான் கால் அங்குலம் ஏத்தி, ஓட்டிப் பாத்து, நோட்டுல எழுதி, மறுபடி கால் அங்குலம் ஏத்தறாங்க. ஒரு தடவைக்கு ஒண்ணுதான் மாத்தணும். உயரத்தையும் புரொப்பெல்லரையும் சேர்த்து மாத்தினா எதால வேகம் வந்ததுன்னு தெரியாது."

மாமா யோசித்தார். "உங்க மாமி சாம்பார்ல ஒரே நாள்ல புளியையும் மாத்தி, பொடியையும் மாத்திட்டு, எப்படி இருக்குன்னு என்னைக் கேக்கறா" என்றார்.