தொட்டிக்குள் எட்டிப் பார்த்தீர்களா?

காலையில் குழாயைத் திறக்கிறோம். குடத்தைப் பிடிக்கிறோம். உலை வைக்கிறோம். அந்தத் தண்ணீர் தங்கியிருந்த தொட்டியை யார் கழுவினார்கள், எப்போது கழுவினார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நானும் கேட்டதில்லை சகோதரிகளே, போன வருஷம் ஆனி மாதம் வரைக்கும்!

புதுக்கோட்டையில் நாங்கள் இருப்பது 24 வீடுகள் சேர்ந்த குடியிருப்பு. கீழே ஒரு ஸம்ப், மொட்டை மாடியில் ஒரு பெரிய தொட்டி. எல்லா வீட்டுக்கும் தண்ணீர் அதிலிருந்துதான். அந்த ஆனியில் ஒரே வாரத்தில் நாலு வீட்டுக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. என் சின்னப் பெண்ணும் அதில் ஒருத்தி. "மாம்பழம் தின்ன சூடு" என்றார் அவள் அப்பா. "பல் முளைக்குதுடி" என்றார் கீழ்வீட்டு அப்பத்தா. டாக்டரம்மாதான் உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் எழுதிக் கொடுத்துவிட்டு, "நாலு குழந்தையும் ஒரே மாம்பழத்தையா தின்னுச்சு? தண்ணியைப் பாருங்கம்மா" என்றார்.

மாடிக்கு ஏறினோம். தொட்டி மூடியில் விரிசல். உள்ளே ஒரு புறாச் சிறகு மிதந்தது. அடியில் விரற்கடை உயரத்துக்குச் சேறு. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இந்தத் தண்ணீரிலா பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சினேன்!

"மாசா மாசம் பராமரிப்புக்குப் பணம் கட்டுறோமே, அது எங்கே போகுது?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்க, சங்கக் காரியதரிசியிடம் காண்ட்ராக்ட் காகிதத்தை வாங்கிப் பார்த்தோம். 'மோட்டார், குழாய் பழுது பார்த்தல்' என்று ஒரே வரி. தொட்டி என்ற சொல்லே அதில் இல்லை. மூன்று பேர் விலை கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேர் தொட்டி கழுவும் செலவையும் சேர்த்திருந்ததால் அவர்கள் விலை கூடுதல். கழுவுவதை விட்டுவிட்டவர் விலை குறைவு. குறைந்த விலைக்கே கொடுத்துவிட்டார்கள்.

அந்தத் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டால், "எழுதாத வேலையை எப்படிக்கா செய்யறது?" என்றார். கோபம் வந்தாலும், யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதும் நியாயம்தானே?

ஊராட்சி, நகராட்சி காண்ட்ராக்டுக்கும் இதே கதைதான். தமிழ்நாட்டில் 1998ம் வருஷத்து டெண்டர் வெளிப்படைத் தன்மைச் சட்டம் இருக்கிறது. குறைந்த விலைக்குத்தான் வேலை கொடுக்க வேண்டும் என்பது அதில் பொது விதி. ஆனால் டெண்டர் காகிதத்தில் கேட்ட தகுதிகளும் வேலைகளும் பொருந்தினால்தான் அந்த விலையே கணக்கில் வரும். ஆகவே விலை திறக்கிற நாளில் போய் நின்று பிரயோஜனமில்லை. என்னென்ன வேலை என்று எழுதுகிற நாளில்தான் நம் கண் அங்கே இருக்க வேண்டும். அரசாங்கக் குடியிருப்பில் இருக்கிறவர்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி (2005) 10 ரூபாய் கட்டி மனுக் கொடுத்து, காண்ட்ராக்ட் நகலைக் கேட்டு வாங்கலாம்.

தொட்டியைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நம் மாவட்டத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது தெரியவந்தது. குழந்தைகள் நோயில் விழுந்த பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். குடிக்கிற ஊருணியில் கால் நனைக்கக்கூடாது என்று காவல் காத்த சீமை இது! அந்தக் காவலைத் தொட்டிக்கும் போட வேண்டாமா?

எங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்குப் பெண்கள் பதினோரு பேர் போனோம். "பொம்பளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று ஒரு பெரியவர் முனகினார். "ராத்திரி முழிச்சுத் துணி அலசினது நாங்கதானே மாமா" என்றேன். அப்புறம் அவர் பேசவில்லை. புது காண்ட்ராக்டில் நாங்கள் எழுத வைத்தவை இவை. உங்களுக்கும் உதவுமே என்று தருகிறேன்:

1. மேல்தொட்டியை மாதம் ஒரு முறை, ஸம்பை மூன்று மாதத்துக்கு ஒரு முறை காலி செய்து, தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவிய தேதியைத் தொட்டியின் மேலேயே பெயின்ட்டில் எழுத வேண்டும்.

2. மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், பூட்டு வேண்டும். வழியும் குழாய் வாயில் வலை கட்ட வேண்டும்.

3. 1000 லிட்டருக்கு 4 கிராம் ப்ளீச்சிங் பவுடர். தூளை அப்படியே கொட்டக்கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் கழித்தே தண்ணீர் திறக்க வேண்டும்.

4. கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் சோதித்துக் காட்ட வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரம்.

5. கழிவுநீர் வேலைக்குப் பயன்படுத்திய வாளி, பிரஷ், கயிறு எதுவும் குடிநீர்த் தொட்டிக்குள் வரக்கூடாது.

6. ஸம்புக்குள் இறங்குகிறவரைத் தனியாக இறக்கக்கூடாது. மூடியை வெகுநேரம் திறந்து வைத்துக் காற்றாட விட்ட பிறகே இறங்க வேண்டும். மேலே ஓர் ஆள் கயிற்றோடு நிற்க வேண்டும். அவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே?

7. இத்தனையும் நடந்ததை இரண்டு வீட்டார் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே பணம்.

விலை கொஞ்சம் கூடியது உண்மைதான். வீட்டுக்கு வீடு பங்கு போட்டால், வயிற்றுப்போக்குக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போய் வந்த செலவுக்குக்கூட ஆகவில்லை!

தண்ணீர் தெளிவாக இருந்தால் நல்ல தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். கிருமி கண்ணுக்குத் தெரியாது. சந்தேகமிருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்கு நீர் சோதிக்கப் பயிற்சி தர ஏற்பாடு உண்டு. உங்கள் ஊரில் அவர்கள் யார் என்று விசாரியுங்கள். அதுவரை குழந்தைக்குக் கொதிக்க வைத்து ஆறிய நீரையே குடிக்கக் கொடுங்கள்.

இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுப் பெண்களில் இருவர் முறை வைத்து மாடி ஏறுகிறோம். போன முறை நானும் அப்பத்தாவும். முட்டி வலியோடு ஏறி வந்தவர் தொட்டிக்குள் குனிந்து பார்த்து, "அடியில என் மூஞ்சி தெரியுதுடி!" என்று சிரித்தார்.

உங்கள் வீட்டுத் தொட்டியில் முகம் தெரிகிறதா? இந்த ஞாயிறு ஏறிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.