கிளை இருப்புப் பாதையின் வரவு செலவு

சரக்கு குறைவாகச் செல்லும் கிளை இருப்புப் பாதைகளை நடத்துவது வீண் செலவு என்னும் அபிப்பிராயம் அவ்வப்போது எழுவதுண்டு. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது அப்பாதையின் தனிக் கணக்கு. அக்கணக்கு பொய்யன்று, ஆயினும் முழுமையானதன்று.

செங்கற்பட்டிலிருந்து காஞ்சீபுரம் வழியாக அரக்கோணம் செல்லும் பாதையை உதாரணமாகக் கொள்ளலாம். அதன் நீளம் 70 கிலோமீட்டருக்கும் குறைவு. அரக்கோணம் - காஞ்சீபுரம் பகுதி 1865-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது; பின்னர் செங்கற்பட்டு வரை நீட்டப்பட்டது. மறைமலை நகர் வழியாகச் செல்லும் பிரதான பாதையோடு ஒப்பிட்டால் இதில் வண்டிகள் சொற்பமே. ஆயினும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கங்களில் மோட்டார்த் தொழிற்சாலைகள் பெருகியபின், இப்பாதையிலுள்ள வாலாஜாபாத் நிலையம் மோட்டார் கார்களை வெளியூர்களுக்கு ஏற்றியனுப்பும் இடமாயிற்று. தண்டவாளம் முன்பே இருந்தமையால் அன்றோ இது எளிதிற் கைகூடியது?

வாலாஜாபாத்தில் ஏற்றிய சரக்கு தில்லிக்குச் செல்வதாகக் கொள்வோர், அது 2,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்வதைக் காண்பர். அதில் அரக்கோணம் வரையுள்ள கிளைப் பாதை 50 கிலோமீட்டருக்கும் குறைவே. கட்டணத்தைத் தூரத்திற்கேற்பப் பங்கிட்டால், நூறு ரூபாயில் மூன்று ரூபாய்கூடக் கிளையின் பெயரில் வரவாகாது. எஞ்சியது பிரதான பாதையின் வரவாகும். ஆகவே, கிளையை எடுத்துவிட்டால் ரெயில்வே இழப்பது அம்மூன்று ரூபாய் மட்டுமன்று. வாய்க்கால் தூர்ந்தால் ஏரிக்கு நீர் குறைவதைக் குடியானவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

மறுபுறத்துச் செலவையும் மறைத்தலாகாது. வண்டி ஒன்று ஓடினும் பத்து ஓடினும் கேட் காவல், ஜல்லி, கட்டைகள், பாலங்கள் ஆகியவற்றைப் பராமரித்தே தீரவேண்டும். அண்மைச் சந்தைக்குச் செல்லும் சில்லறைச் சரக்கிற்கு லாரியே சிக்கனம். இருமுறை ஏற்றியிறக்கும் கூலி அதிலில்லை. நெடுந்தூரம் செல்லும் மொத்தச் சரக்கின் நிலை வேறு. தஞ்சாவூர்ப் பகுதியிலிருந்து அரவைக்கு நெல் கொண்டு செல்லும் ரெயில் ஒன்று சுமார் 2,000 டன் சுமக்கின்றது. 20 டன் ஏற்றும் லாரிகளாயின் நூறு வேண்டும்.

எனவே, நஷ்டம் காட்டும் பாதையை உடனே பெயர்த்தெடுப்பதினும், வேகத்தையும் நிலையங்களையும் ஆட்களையும் குறைத்துச் சிக்கனமாக நடத்துதல் நன்று. வண்டியை நிறுத்துதல் வேறு, தண்டவாளத்தை எடுத்தல் வேறு. முன்னதைத் திருத்தலாம், பின்னதைத் திருத்துதல் அரிது. பஞ்ச நிவாரணத்தை முன்னிட்டு 1906-ஆம் ஆண்டில் திறந்த மொரப்பூர் - தருமபுரி சிறு பாதை 1941-இல் மூடப்பட்டது. அவ்விரு ஊர்களையும் இணைக்கும் புதிய பாதைக்கு 2019-இல் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. கைவிட்ட தடத்தில் கட்டடங்கள் எழுந்துவிட்டமையால், நிலம் எடுப்பதே பெருஞ் சிரமமாயிற்று.

இதில் கிராமத்தாருக்கும் கடமையுண்டு. தனித்தனியே பத்து மூட்டை அனுப்புவோரை நம்பி எப்பாதையும் பிழைக்காது. கூட்டுறவுச் சங்கங்களின் மூலம் உரத்தையும் விளைபொருளையும் முழு ரெயில் அளவிற்குத் திரட்டுதல் வேண்டும். நிலையத்திற்குச் செல்லும் சாலையும் கிடங்கும் செம்மையாயிருத்தல் வேண்டும். ரெயில்வே நிலத்தின் எல்லைக் கற்களைக் காத்து, ஆக்கிரமிப்பைத் தொடக்கத்திலேயே தடுத்தலும் வேண்டும்.

பிரதான பாதைக்குச் சரக்கு ஊட்டாமலும், இனி ஊட்டும் வழியின்றியும் உள்ள பாதையை மூடுவதில் குற்றமில்லை. ஆனால் அதனைத் தீர்மானிக்குமுன், கிளையின் கணக்கோடு அது பிரதான பாதைக்குச் சேர்க்கும் வரவையும் ஒரே ஏட்டில் எழுதிப் பார்த்தல் நியாயமாகும்.