சும்மா வராத வேகம்

இரண்டையும் வாங்கும் வசதி எனக்கில்லை. உங்களுக்கும் இருக்காது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். ஒப்பிட்டுப் பார்க்கக் காசா, பணமா?

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரின் சுஃபன்ஹவுசன் பேட்டையில் ஒரே கம்பெனி இரண்டு கார்களையும் செய்கிறது. ஒன்று, 1963-ல் அறிமுகமான போர்ஷே 911. பெட்ரோல் வண்டி, ஆறு சிலிண்டர் இன்ஜின் பின்பக்கம். மற்றது, 2019-ல் வந்த டைகான். பேட்டரி வண்டி, நாலு கதவு.

தினசரிப் பாட்டுக்கு டைகானுக்குத்தான் முதல் மார்க். பின் சீட்டில் பெரியவர்கள் உட்காரலாம். 911-ன் பின் சீட்டில் குழந்தையை வைக்கலாம். அல்லது டிபன் பாக்ஸை. டைகானை ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கலாம். பெட்ரோல் பங்க் க்யூ கிடையாது. மோட்டாரின் முழு இழுவையும் கிளம்பும்போதே கிடைத்துவிடும். சுமார் 2,300 கிலோ கனத்தோடு, 2019-ன் டர்போ எஸ் மாடல் 2.8 செகண்டில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. (பெயர்தான் டர்போ. உள்ளே தேடினாலும் கிடைக்காது!)

அப்புறம் எதற்கு ஸார் 911?

அதில் வேகம் சும்மா வராது. இன்ஜினைச் சுழலவிட்டுக் கேட்டு வாங்க வேண்டும். சில மாடல்களில் கிளட்ச் மிதித்து, கியர் மாற்றி... முதுகுக்குப் பின்னால் அது உறுமும்போது 'நாமும் ஏதோ செய்தோம்' என்று ஒரு திருப்தி. டைகானிலும் சத்தம் உண்டு, ஸ்பீக்கர் வழியாக. சில மாடல்களில் அதற்குத் தனிக் காசு! ஆக, சத்தம் போனதில் ஏதோ குறைகிறது என்பது கம்பெனிக்கே தெரிந்திருக்கிறது.

என் ஓட்டு 911-க்கு. சௌகரியமாகப் போய்ச் சேரத்தான் எலெக்ட்ரிக் ட்ரெய்ன் இருக்கிறதே!